நான்கடி மீன் தொட்டி: மீன் வாங்குவது கடைசி வேலை

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வீட்டில் பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு இதுதான். விளிம்புவரை நிரப்பினால் 240 லிட்டர் பிடிக்கும். மணல், கல் போக 200 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். முதலில் சின்னத் தொட்டியில் பழகிக்கொண்டு அப்புறம் பெரிசு வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புதியவர்களுக்குப் பெரிய தொட்டிதான் எளிது. இருபது லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஒரு மீன் செத்துக் கிடந்தால், காலையில் மற்ற மீன்களும் ஆபத்தில் இருக்கும். 200 லிட்டரில் அதே மீன் கிடந்தால் நீங்கள் கவனித்து எடுத்துப்போட அவகாசம் கிடைக்கும். சூடும் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

பெரிய தொட்டியில் ஒரே சிக்கல், வைத்த பிறகு நகர்த்த முடியாது. அதனால் வரிசை முக்கியம். முதலில் இடம், பிறகு தொட்டி, ஃபில்டர், தண்ணீர், அதன்பின் ஒரு மாதக் காத்திருப்பு, கடைசியில் மீன். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தவர்கள் வீட்டில்தான் இரண்டாவது வாரம் ஒவ்வொரு மீனாக மிதக்கும். நான் சென்னையில் இருந்து எழுதுகிறேன். தண்ணீர், வெயில், கரன்ட் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த ஊரை வைத்துத்தான்.

இடமும் பாரமும்

தண்ணீர் மட்டும் 200 கிலோவுக்கு மேல். பத்து மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 50 கிலோ வரும். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 350 முதல் 400 கிலோ ஆகும். நம் ஊரில் வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அது தளம் முழுக்கப் பரவும் பாரத்துக்கான கணக்கு. ஆகவே நான்கடித் தொட்டி வைத்ததும் மாடி இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனாலும் அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். தரைத்தளம் என்றால் கவலையே இல்லை. ஐந்தடி, ஆறடிக்குப் போகிறவர்கள் மாடியில் வைக்கும் முன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிடுங்கள்.

ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும். அருகில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். குளியலறையோ பால்கனிக் குழாயோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வாரா வாரம் ஐம்பது லிட்டர் தண்ணீரை வெளியே எடுத்து, உள்ளே ஊற்றப் போகிறீர்கள். வாளி சுமக்கும் தூரம் அதிகமானால் மூன்றாவது மாதத்தில் அந்த வேலை நின்றுபோகும்.

ஸ்டாண்ட் இரும்பில் வெல்டிங் செய்ததாக இருக்கட்டும். துருப்பிடிக்காமல் இருக்க நன்றாகப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அதை இடத்தில் வைத்ததும் நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் தவறினால் கண்ணாடியின் ஒரு மூலைக்கு மட்டும் அழுத்தம் போகும். பிறகு ஸ்டாண்டின் மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட், அதற்கு மேல் தொட்டி. பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மணல் துகள்கூட கண்ணாடியில் விரிசல் விடக் காரணமாகலாம். தெர்மாகோல் அதைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

ஒன்றரை அடி உயரத்துக்குப் பத்து மில்லிமீட்டர் கண்ணாடி கேளுங்கள். இரண்டடி உயரம் என்றால் பன்னிரண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று மெல்லிய கண்ணாடிக்குச் சம்மதிக்க வேண்டாம். புதிதாக ஒட்டிய தொட்டியில் சிலிக்கான் காய ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் முழுக்க நிரப்பி, இரண்டு நாள் வைத்து, மூலைகளில் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் கடைக்குத் திருப்பிவிடலாம். மணலும் மீனும் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் பெரிய அவதி.

ஃபில்டர்

இந்த அளவுத் தொட்டிக்கு மணிக்கு 1,000 லிட்டர் சுற்றும் ஃபில்டர் வேண்டும், அதாவது மொத்தத் தண்ணீரும் மணிக்கு ஐந்து முறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வகை ஃபில்டரான கேனிஸ்டர் வாங்க வசதி இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் மேலே வைக்கும் டாப் ஃபில்டர் ஒன்றும், ஏர் பம்ப்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டும் போதும். கேனிஸ்டர் வாங்குகிறவர்களும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் கூடவே வையுங்கள், காரணம் கரன்ட் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

உள்ளே ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும் நிறைய இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் பிடிப்பது ஃபில்டரின் பாதி வேலைதான். மீதிப் பாதியை அந்த ரிங்குகளில் ஒட்டி வளரும் பாக்டீரியா செய்கிறது.

ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். அப்படி இருந்தால் வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் தொட்டி வைக்கும் முன் போட்டுவிடுங்கள். கையைத் தண்ணீருக்குள் விடும் முன் சுவிட்சை அணைப்பதைப் பழக்கமாக்குங்கள்.

மணல்

ஆற்று மணலோ, மூன்று நான்கு மில்லிமீட்டர் கூழாங்கல்லோ, இரண்டு அங்குல உயரத்துக்குப் போதும். கடற்கரை மணல், சிப்பி, சங்கு வேண்டாம், தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை, ஏற்றிவிடும். கற்களைப் போடும் முன் மேலே கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், ஒதுக்கிவிடுங்கள். மணலை வாளியில் போட்டு, தண்ணீர் கலங்கலில்லாமல் ஓடும்வரை அலச வேண்டும். பத்து வாளிகூட ஆகலாம், அலுத்துப்போய் நடுவில் விட்டுவிடாதீர்கள். சோப்பு மட்டும் கிட்டேயே வரக்கூடாது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எந்த மீன் வளர்க்கலாம் என்பதை உங்கள் ஆசையைவிட உங்கள் வீட்டுக் குழாய்தான் அதிகம் தீர்மானிக்கும்.

மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துத் தாக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பின் காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுக்க விட்டால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி. போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் பெரும்பாலும் கடினமான நீர். கடலோரப் பகுதிகளில் உப்பும் ஏறியிருக்கும். பூமிக்குள்ளிருந்து வருவதால் ஆக்சிஜனும் குறைவு. அதையும் ஒரு நாள் ஏர் ஸ்டோனோடு விட்டுத்தான் ஊற்ற வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் சுத்தமாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) திடீரென்று சரிந்துவிடும். கடினமான போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம், தனியாக வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாடித் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் நாள் எது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். கழுவி இரண்டு மூன்று நாள்வரை அந்தத் தண்ணீரை மீன் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

மீன் இல்லாத ஒரு மாதம்

மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை அளவோடு இருக்கும்வரை மீன் தாங்கும், வாராந்தர தண்ணீர் மாற்றத்தில் வெளியேற்றிவிடலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் இல்லை. அவை வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். சென்னைப் போர் தண்ணீரில் பிஎச் பெரும்பாலும் ஏழுக்கு மேல்தான் இருக்கும், தண்ணீரும் சூடு. பிஎச்சும் சூடும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவின் நச்சு கூடும். குளிர்ந்த ஊர்க்காரர் சொல்லும் "நாலு மீன் போட்டுப் பார்" முறை இங்கே அதிகம் கொல்லும்.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டியை நிரப்பி ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடுங்கள். மார்க்கெட்டில் ஒரு இறால் வாங்கி, பழைய வலைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்க விடுங்கள். அது அழுக ஆரம்பித்ததும் அம்மோனியா வரும். நாற்றம் தாங்காத வீடுகளில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் போதும். தெரிந்தவர் வீட்டில் பல மாதமாக ஓடும் தொட்டி இருந்தால், அவர் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் துண்டைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். காத்திருப்பு பாதியாகக் குறையும்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டை வேண்டாம், சொட்டு விடும் வகை. சிறு குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டுகளை விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். அம்மோனியாக் குழாய் முதலில் மஞ்சளாக இருக்கும், சில நாளில் வெளிர்ப் பச்சை, அப்புறம் அடர் பச்சை. அது மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும் வேளையில் நைட்ரைட்டுக் குழாய் வெளிர் நீலத்திலிருந்து ஊதாவுக்கு ஏறும். இந்த ஊதாவில்தான் பொறுமை போகும், சில தொட்டிகளில் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நிற்கும். நைட்ரைட்டும் நீலத்துக்குத் திரும்பி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் மூன்று நான்கு நாள் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார்.

நடுவில் ஒரு நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாகும். பயந்து முழுக்க மாற்றிவிடாதீர்கள், தானாகத் தெளிந்துவிடும். கலங்கலைத் தீர்க்கும் மருந்து எதுவும் வேண்டாம்.

செடி வைக்க இந்த மாதம் நல்ல நேரம். வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மூன்றும் அதிகக் கவனிப்புக் கேட்காதவை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் புதைக்காமல் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிடுங்கள், புதைத்தால் தண்டு அழுகும். மணிபிளான்ட் கொடி இருக்கிறதா? வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டி ஓரத்தில் விடுங்கள். நைட்ரேட்டை அழகாக உறிஞ்சும். விளக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போதும். டைமர் போட்டுவிட்டால் நினைவு வைக்க வேண்டியதில்லை.

இப்போது மீன்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் பக்கத்தில் இருப்பது பெரிய பாக்கியம். கடைகளும் பண்ணைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையிலேயே போங்கள், அவசரப்படாமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். ஒரு தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வாங்காதீர்கள். துடுப்பை மடக்கி வைத்திருக்கும் மீன், மேற்பரப்பில் வாய் திறந்து மூச்சு வாங்கும் மீன், கல்லில் உடம்பைத் தேய்க்கும் மீன், இவை மூன்றும் வேண்டாம். உங்கள் கண் முன்னால் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னும் மீன்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

உங்கள் தண்ணீர் மென்மை என்றால்: ஏஞ்சல் ஐந்து, கோரிடோராஸ் எட்டு. நான்கடியில் இது அமைதியான, பார்க்கப் பார்க்க அலுக்காத கூட்டம். நியான் டெட்ராவை ஏஞ்சலோடு போடாதீர்கள், வளர்ந்த ஏஞ்சலுக்கு அது இரை. தண்ணீர் கடினமாக, பிஎச் எட்டை ஒட்டி இருந்தால் அதை மாற்றப் போராட வேண்டாம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்கு அதுதான் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. கற்களை அடுக்கிக் குகைகள் அமைத்து, பதினைந்து மீன்வரை சேர்த்து வளர்க்கலாம். செடி மட்டும் நிற்காது. சண்டை வேண்டாம் என்றால் மோலி, பிளாட்டி, வாள்வால்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீருக்கு எனக்குப் பிடித்தது நம் தென்னிந்திய ஆறுகளின் ஃபிலமென்ட் பார்ப். பத்து மீன் கூட்டமாக நான்கடியையும் ஒரே வீச்சில் நீந்திக் கடப்பதை இந்த அளவுத் தொட்டியில்தான் பார்க்க முடியும். மிஸ் கேரளா என்று விற்கும் டெனிசன் பார்ப் இன்னும் அழகுதான், ஆனால் அது கேரள, கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் கேட்கும், சென்னை மே மாதத்தில் திணறும். காட்டில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் வேறு. வாங்குவதென்றால் பண்ணையில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில் இரண்டு அங்குலத்தில் துள்ளும் சில மீன்களிடம் ஏமாறாதீர்கள். "ஷார்க்" என்று விற்கும் பங்காசியஸ் ஒரு மீட்டர் தாண்டி வளரும். ரெட் டெயில் கேட்ஃபிஷ்ஷும் அப்படியே. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் "டேங்க் கிளீனர்" ஒன்றரை அடியை நெருங்கும், அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவு அதிகம். அரோவானாவுக்கு நான்கடி போதாது. வாஸ்துக்காக வாங்குகிறவர்கள் அதன் முழு வளர்ச்சியைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லா மீனையும் ஒரே நாளில் விட வேண்டாம். நான்கைந்தாக, இரண்டு வார இடைவெளியில். முடிந்தால் புது மீனை வேறு சின்னத் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றி, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பையிலுள்ள தண்ணீர் சிங்க்கில் போகட்டும்.

தீனி, தண்ணீர், துடைப்பு

ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால், பாசத்தில் அள்ளிப் போட்டு தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தினத்துக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். சைஃபன் குழாயை மணலுக்குள் விட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். எடுத்த தண்ணீர் மாடித் தோட்டத்துக்கு அருமையான உரம். கோடைக்காலத்தில் ஆவியான தண்ணீரை மட்டும் நிரப்பிவிட்டு மாற்றியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். மே மாத மத்தியானத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையையே சுடும், மீனைக் கொன்றுவிடும். இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும், அதுவும் குழாயடியில் வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, ஸ்பாஞ்சை அதில் நாலு முறை பிழியுங்கள். ஸ்பாஞ்ச் வெள்ளை வெளேரென்று ஆக வேண்டியதில்லை. ஸ்பாஞ்சையும் ரிங்கையும் ஒரே நாளில் கழுவாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

வெயிலும் கரன்ட்டும்

பெரும்பாலான வெப்பமண்டல மீனுக்கு 24 முதல் 28 டிகிரி நல்லது. சென்னையில் ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டி, கொடைக்கானலில் தேவை. இங்கே பிரச்சினை மறுபக்கம். சித்திரை வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். மூடியைக் கொஞ்சம் திறந்து, மீன் குதிக்காதபடி வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள், தீனியைக் குறையுங்கள். ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிட மோசம்.

கரன்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். அதற்குத்தான் அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். கரன்ட் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப்பை அதில் இணைத்துவிட்டால் காற்றும் கிடைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்ப்பை அதில் மாட்டுங்கள். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும். கரன்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே தண்ணீர் மாற்றி, தீனியை நிறுத்திவிடுங்கள்.

கொசு மருந்து பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்ப்ரே இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். அறைக் காற்றை ஏர் பம்ப் இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் வரும் நாளில் தொட்டியை ஈரத்துணியால் மூடி, பம்ப்பை வேறு அறைக்கு மாற்றி நீளக் குழாயில் ஓட்டுங்கள்.

வெள்ளைப் புள்ளி

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மீன் உடம்பில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் வரும். இது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது, உதிர்ந்து பெருகி நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். தண்ணீரை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றினால் அதன் சுழற்சி வேகமாகும், காற்றுக் குமிழியைக் கூட்டிக்கொள்ளுங்கள். செடியும் கோரிடோராஸும் இல்லாத தொட்டியில் லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு கரைத்து விடலாம். மெத்திலின் ப்ளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், சிலிக்கானில் நீலக் கறை ஏறும், ஃபில்டர் பாக்டீரியாவும் பாதிக்கப்படும். அது தனித் தொட்டி வைத்தியத்துக்கு.

வளர்க்க முடியாமல் போகும் மீனை ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். அந்த "டேங்க் கிளீனர்" இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ போனதுதான். வாங்கிய கடையிலேயே கேளுங்கள். காசு தராவிட்டாலும் பல கடைக்காரர்கள் மீனைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடுவார்கள்.